வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்: மிரரிங் எதைக் காக்கும், எதைக் காக்காது

ஒரே கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொன்றும் அதே நேரத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும்படி அமைக்க முடியும். ஒன்று பழுதானாலும் மற்றொன்றை வைத்து வேலை நிற்காமல் தொடரும். இதற்கு மிரரிங் என்று பெயர். ரெய்டு 1 என்றும் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் பல்லாண்டுகளாக இருந்துவரும் இந்த ஏற்பாட்டை இப்போது வேலூரிலும் காட்பாடியிலும் வீட்டுக் கணினிக்கே பலர் கேட்கிறார்கள். கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியிருக்கிறது: இரண்டு டிஸ்க் போட்டாயிற்று, இனி எதுவும் தொலையாது. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. தவறான பாதியை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் இழப்பு பெரிதாக வருகிறது.

எதற்காக இந்தக் கவலை

இந்த ஊர்ப் பக்கத்து வீட்டுக் கணினிகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கவலையின் காரணம் புரியும். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது; வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. "வட ஆற்காடு மாவட்டம், வாலாஜா தாலுகா" என்று தொடங்கும் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமும், ராணிப்பேட்டை மாவட்டம் என்று அச்சாகி வந்த வில்லங்கச் சான்றும் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. மருத்துவமனையில் எடுத்த எம்ஆர்ஐ படங்கள் சிடியில் கைக்கு வருகின்றன. புதிய கணினிகளில் சிடி போடும் இடமே இல்லாததால் அவையும் டிஸ்க்குக்கு ஏறுகின்றன. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், சிறு வியாபாரத்தின் கணக்கு என்று மற்றவையும் அங்கேதான். காகிதமாக இருந்தபோது பீரோவின் வெவ்வேறு தட்டுகளில் இருந்தவை இப்போது ஒரே இயந்திரத்தில் குவிந்துவிட்டன.

மிரரிங் எப்படி வேலை செய்கிறது

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. இப்படி ஓயாமல் இயங்கும் பொருள் ஒருநாள் நின்றே தீரும். அந்த நாள் எது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே நம்பகமான டிஸ்க் போல இயக்கும் முறைகளை அதில் எண் கொடுத்து வகைப்படுத்தினார்கள். ரெய்டு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. மிரரிங் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. அவர்கள் பட்டியலில் அதற்கு எண் 1.

எண்ணைக் கவனிப்பது முக்கியம். ரெய்டு 0 என்பது தகவலைத் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதுவது. வேகம் கூடும், ஆனால் ஒன்று போனால் எல்லாமே போய்விடும். கடையில் "ரெய்டு போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால், எந்த எண் என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ரெய்டு 1 நடந்துகொள்ளும் விதம் இது:

1. எழுதும்போது இரண்டு டிஸ்க்கிலும் எழுதி முடித்த பிறகே வேலை முடிந்ததாகக் கணக்கு. எனவே இரண்டில் மெதுவான டிஸ்க்தான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

2. படிக்கும்போது ஏதாவது ஒன்றிலிருந்து படித்தால் போதும்.

3. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டாலும் கிடைப்பது 4 டெராபைட்தான். ஒன்று 4, மற்றொன்று 2 என்றால் 2தான் கிடைக்கும். விண்டோஸ் 4 டெராபைட்டை 3.63 என்று காட்டும். அது 1,024இன் மடங்குகளில் எண்ணுவதால் வரும் வேறுபாடு, டிஸ்க்கில் குறை இல்லை.

4. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றொன்றை வைத்துக் கணினி தொடர்ந்து ஓடும். இந்த நிலையை டீகிரேடட் என்பார்கள். இப்போது இரண்டாம் பிரதி இல்லை.

5. புதிய டிஸ்க்கைப் பொருத்தியதும் நல்ல டிஸ்க்கிலிருந்து அதற்கு முழுப் பிரதி எடுக்கப்படும். நொடிக்குச் சராசரி 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டுக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். அதுவரை எல்லாம் ஒற்றை டிஸ்க்கின் தயவில் இருக்கிறது.

நான்காவதுதான் இந்த விஷயத்தின் மையம். ஒரு டிஸ்க் போன பிறகும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. கோப்புகள் திறக்கும், படங்கள் ஓடும். மிரரிங்கின் நன்மையே அதன் ஆபத்தாகவும் மாறும் இடம் இது.

கவனித்தால் ஒரு கணக்கு, கவனிக்காவிட்டால் வேறு கணக்கு

அமெரிக்காவின் பேக்பிளேஸ் என்ற நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளின் பழுது விவரங்களைத் தொடர்ந்து வெளியிட்டுவருகிறது. 2023ஆம் ஆண்டுக்கு அது தந்த ஆண்டுப் பழுது விகிதம் 1.40 விழுக்காடு. வீட்டு நிலைமை வேறுதான். ஆனாலும் கணக்குப் போட இந்த எண் உதவும்.

இரண்டு டிஸ்க் இருந்தால் ஓர் ஆண்டில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 விழுக்காடு. பழுதானதை உடனே கவனித்து 10 நாளில் மாற்றிவிட்டால், அந்த 10 நாளுக்குள் மற்றொன்றும் போகும் வாய்ப்பு சுமார் 0.04 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒன்று. பழுதைக் கவனிக்காமல் ஓர் ஆண்டு ஓட்டினால் அதே பெருக்கல் சுமார் 2,500இல் ஒன்று என்று வருகிறது. டிஸ்க்குகள் அதேதான், செலவும் அதேதான். பாதுகாப்பு மட்டும் ஏறத்தாழ 40 மடங்கு குறைந்துவிட்டது.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு டிஸ்க்குகளும் தனித்தனிக் காரணங்களால் பழுதாக வேண்டும். நடைமுறையில் அப்படி அமைவதில்லை. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) தரும் மின்சாரத்தில், ஒரே அதிர்வில் ஓடுகின்றன. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை ஒரே தயாரிப்புத் தொகுதியாகவும் இருக்கக்கூடும். இந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019 நவம்பரில் எச்பி எண்டர்பிரைஸ் நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை ஓர் உதாரணம். சர்வர்களுக்கான அதன் சில எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) மாடல்கள், உள்ளிருக்கும் மென்பொருளில் இருந்த பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று அது அறிவித்தது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய ஜோடி ஒரே நாளில் நின்றுபோகும். எனவே இரண்டு டிஸ்க்குகளையும் வெவ்வேறு நிறுவனங்களிலோ, குறைந்தபட்சம் சில மாத இடைவெளியிலோ வாங்குவது நல்லது. "ஜோடியாக ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று கடையில் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை.

எதைக் காக்காது

கார்பன் தாள் வைத்து எழுதும்போது மேல் தாளில் விழும் பிழை அடித் தாளிலும் அப்படியே விழும். மிரரிங்கும் அப்படித்தான். அதற்குக் கட்டளை மட்டுமே தெரியும். கட்டளை சரியா தவறா என்பது தெரியாது.

1. கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். பழைய பட்டியலின்மேல் புதிய பட்டியலைச் சேமித்துவிட்டால் பழையது இரண்டிலும் இருக்காது.

2. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் (ரான்சம்வேர்) கோப்புகளைப் பூட்டும்போது இரண்டு பிரதியும் சேர்ந்தே பூட்டப்படும்.

3. எஸ்எம்பிஎஸ் பழுதாகி அதிக மின்னழுத்தம் பாய்ந்தால் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகவே எரியலாம்.

4. திருட்டு, தீ, வெள்ளம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க், வெள்ளத்தைப் பொறுத்தவரை ஒரு டிஸ்க்தான்.

5. ஒரு டிஸ்க்கில் ஒரு பகுதி சத்தமில்லாமல் கெட்டு, படிக்கும்போது வேறு தகவல் வந்தால், இரண்டு பிரதியில் எது சரி என்று சாதாரண ரெய்டு 1ஆல் சொல்ல முடியாது. ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் எழுதிவைக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகளால் சொல்ல முடியும்.

மேலே சொன்ன முதல் நான்குக்கும் மருந்து பேக்கப், அதாவது கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கப்படும் பிரதி. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 விதி இன்றும் பொருந்துகிறது: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு கட்டடத்தில்.

அப்படியானால் யாருக்கு மிரரிங் வேண்டும்? இரண்டாவது டிஸ்க் வாங்க மட்டுமே பணம் இருக்கும் குடும்பம் அதை மிரரிங்குக்குச் செலவிடக் கூடாது. அந்த டிஸ்க்கை வெளியே வைத்து, மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருக்கும் உறவினர் வீட்டு அலமாரியில் வைப்பதே பல மடங்கு பயனுள்ளது. மூன்றாவது டிஸ்க் வாங்க முடிந்தால்தான் மிரரிங்கின் முறை வருகிறது. வேலை நின்றால் நஷ்டம் என்றிருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே தேவை: முகூர்த்த மாதத்தில் வீட்டிலிருந்தே ஆல்பம் தயாரிக்கும் புகைப்படக்காரர், வரித் தாக்கல் நாள் நெருங்கும்போது கணக்கெழுதுபவர் போன்றவர்கள். நேற்றிரவு பேக்கப் எடுத்த பிறகு இன்று மாலை வரை செய்த வேலையைக் காப்பது மிரரிங் மட்டுமே.

அமைக்கும் வழிகள்

எந்த வழியானாலும் அமைக்கும்போது டிஸ்க்கில் இருப்பது அழியக்கூடும். முதலில் எல்லாவற்றையும் வெளியே பிரதி எடுத்துவிட வேண்டும்.

1. விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ். விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. ஹோம் பதிப்பிலும் கிடைக்கும். கண்ட்ரோல் பேனலில் அதைத் திறந்து, இரண்டு டிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து, வகையில் "டூ-வே மிரர்" என்பதைக் குறித்தால் போதும். விண்டோஸ் நிறுவப்பட்ட டிஸ்க்கை இதில் சேர்க்க முடியாது; எனவே விண்டோஸ் ஒரு சிறிய எஸ்எஸ்டியிலும் தகவல்கள் இந்த ஜோடியிலும் இருக்கட்டும். கொள்ளளவு கேட்கும் கட்டத்தில் உண்மையில் இருப்பதைவிடப் பெரிய எண்ணையும் அது ஏற்றுக்கொள்ளும். அப்படிக் கொடுக்க வேண்டாம். இடம் தீர்ந்த நாளில் சிக்கல் வரும்.

2. லினக்ஸின் எம்டிஆட்ம். பல்லாண்டு பழக்கப்பட்ட, நம்பத்தக்க கருவி. கணினி கெட்டாலும் வேறொரு லினக்ஸ் கணினியில் டிஸ்க்கைப் பொருத்தித் தகவலை எடுக்கலாம். டெபியன் வகை லினக்ஸ்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தானாகவே நடக்கும்படி அமைந்திருக்கிறது.

3. மதர்போர்டிலேயே இருக்கும் ரெய்டு வசதி. கடைகளில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது இதுதான். என் மதிப்பீட்டில் வீட்டுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் இதுதான். மதர்போர்டு பழுதானால் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காக்கும் பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பினால் ரெய்டு நிலையே அணைந்து, டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கலாம். அப்போது பதறி எதையாவது அழுத்தினால் ஜோடி குலைந்துவிடும்.

யூஎஸ்பியில் செருகும் டிஸ்க்கை மிரரிங் ஜோடியில் சேர்க்க வேண்டாம். கேபிள் சற்று அசைந்தாலே ஜோடி பிரியும்.

டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டியது எழுதும் முறை. எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றைத் திருத்த அடுத்தடுத்தவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். முழுப் பிரதி எடுக்கும் நேரத்தில் இவை மிகவும் தடுமாறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்துத் தகவல் சேமிக்கும் பெட்டிகள்) விற்ற தன் ரெட் வரிசையின் சில மாடல்கள் இந்த வகை என்பதை 2020இல் வெளிப்படுத்தியது. மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) என்று இருப்பதையே வாங்குங்கள். நாஸ் வகை டிஸ்க்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: படிக்க முடியாத இடம் வந்தால் பொதுவாக 7 நொடிகளில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். சாதாரண டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கலாம். லினக்ஸ் இயல்பாக 30 நொடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் நல்ல டிஸ்க்கையே பழுது என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

வெயிலும் மின்வெட்டும்

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். ஹார்ட் டிஸ்க் வெந்துபோகுமா என்பது நியாயமான கேள்வி. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் தங்கள் டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, வெப்பத்துக்கும் பழுதுக்கும் இடையே பலரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு இல்லை என்றது. மிக உயர்ந்த வெப்பநிலைகளில் மட்டுமே பழுது சற்றுக் கூடியது. ஆனால் அவை குளிரூட்டிய அறைகளில் இருந்தவை. பல வீட்டு டிஸ்க்குகளுக்கு நிறுவனங்கள் தரும் உச்ச வரம்பு 60 டிகிரி. அறையே 40 டிகிரியாக இருக்கும் மதியத்தில், ஒட்டி ஒட்டிப் பொருத்திய இரண்டு டிஸ்க்குகள் அந்த வரம்பை நெருங்கக்கூடும். நடுவே ஓர் இடம் காலியாக விட்டு, எதிரே ஒரு விசிறி வைத்து, தூசியைத் துடைத்துவந்தால் வெயிலைச் சமாளிக்கலாம்.

மின்வெட்டுதான் பெரிய எதிரி. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், ஒரு டிஸ்க்கில் எழுதியது மற்றொன்றில் எழுதப்படாமல் இருக்கலாம். மீண்டும் இயக்கியதும் கணினி இரண்டையும் சமன்செய்யத் தொடங்கும். டிஸ்க் விளக்கு மணிக்கணக்கில் சிமிட்டுவதன் காரணம் அதுதான். எம்டிஆட்மில் பிட்மேப் என்ற குறிப்பேட்டை இயக்கிவைத்தால், மாறிய பகுதிகளை மட்டும் சமன்செய்து சில நிமிடங்களில் முடித்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, போதாதா? பல இன்வெர்ட்டர்களில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது எக்கோ. நார்மலில் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளி அதிகம். மின்விசிறிக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். சுவிட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கெனத் தனி யூபிஎஸ் வைத்து, பேட்டரி குறைந்ததும் கணினி தானாக அணையும்படி யூஎஸ்பி கேபிளால் இணைத்தால் இன்னும் நல்லது.

ஒரு டிஸ்க் பழுதாகும் நாள்

அமைப்பது எப்படி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைப்பதோ இந்த நாளில்தான்.

1. முதலில் தெரிய வேண்டும். எம்டிஆட்ம் பழுதை மின்னஞ்சலில் அனுப்பும், ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் முகவரி கொடுத்திருக்க வேண்டும். கணினியிலிருந்து அஞ்சல் வெளியே போகிறதா என்றும் சோதித்திருக்க வேண்டும். விண்டோஸில் மாதம் ஒருமுறை ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தைத் திறந்து நிலையைப் பாருங்கள். மாதம் பிறக்கும் தேதியை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையை மட்டும் நம்ப முடியாது. மேலே சொன்ன கூகுள் ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அந்த அறிக்கையில் எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை.

2. எது பழுது என்று தெரிய வேண்டும். பெட்டியைத் திறந்தால் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருக்கும். திரையில் பழுதானதன் வரிசை எண் தெரியும். டிஸ்க்கில் அந்த எண் ஒட்டியிருக்கும் பக்கமோ மேலே, கம்பிக்கூட்டுக்குள் மறைந்திருக்கும். எனவே பொருத்தும்போதே வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஒட்டுத்தாளில் எழுதி, கேபிள் செருகும் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாதவர் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பழுதானதை வைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

3. டிஸ்க்கைக் குறை சொல்லுமுன் சாட்டா கேபிளையும் மின் இணைப்பையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். தளர்ந்த கேபிளும் இதே அறிகுறியைத்தான் தரும்.

4. புதிய டிஸ்க்கைத் தொடுமுன் பேக்கப்பைப் புதுப்பித்துவிடுங்கள். முழுப் பிரதி எடுக்கும்போது மீதமுள்ள டிஸ்க் முதல் அங்குலம் முதல் கடைசி அங்குலம் வரை படிக்கப்படும். மாதக்கணக்கில் தொடாத பகுதியில் ஒளிந்திருந்த கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

5. புதிய டிஸ்க் அதே மாடலாக இருக்க வேண்டியதில்லை. கொள்ளளவு ஒரு துளிகூடக் குறையாமல் இருந்தால் போதும்.

6. பிரதி எடுக்கும் திசையைப் பாருங்கள். மதர்போர்டு ரெய்டில் எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் இடத்தில் மாற்றிச் சொன்னால், வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின்மேல் எழுதப்படும். சில மாதம் முன்பு கேபிள் தளர்ந்து ஒதுங்கிய டிஸ்க் திடீரென்று மீண்டும் தெரியத் தொடங்கினாலும் இதே எச்சரிக்கை வேண்டும்: அதில் இருப்பது அந்த மாதத்துப் பழைய தகவல். எம்டிஆட்ம் ஒவ்வொரு டிஸ்க்கிலும், மாற்றங்கள் நடக்க நடக்கக் கூடிவரும் நிகழ்வு எண் ஒன்றை எழுதி வைப்பதால் எது பழையது என்று தானே கண்டுபிடித்துவிடும்.

இதையெல்லாம் முதல்முறையாகப் பழுதான நாளில் செய்து பார்க்கக் கூடாது. தகவல்களை ஏற்றுமுன், நான்கைந்து படங்களை மட்டும் வைத்து, கணினியை அணைத்து ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். படங்கள் திறக்கின்றனவா, எச்சரிக்கை வருகிறதா, எங்கே வருகிறது என்று பார்த்து, மீண்டும் மாட்டிச் சமன்செய்ய விடுங்கள். அடுத்த டிஸ்க்குக்கும் அதையே செய்யுங்கள்.

பழுதான டிஸ்க்கை அனுப்புமுன்

உத்தரவாதக் காலத்தில் பழுதானால் நிறுவனம் வேறு டிஸ்க் தரும். பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ரெய்டு 1இல் ஒவ்வொரு டிஸ்க்கும் முழுப் பிரதி. நின்றுபோன டிஸ்க்கிலும் பத்திரங்கள், ஸ்கேன் படங்கள், ஆதார் நகல் எல்லாமே அப்படியே இருக்கும். அது இயங்காததால் உங்களால் அழிக்கவும் முடியாது. பழுதுபார்க்கத் தெரிந்தவரால் படிக்க முடியும். எனவே ஜோடியை அமைக்கும் நாளிலேயே குறியாக்கம் செய்துவிடுங்கள், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள்: விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, கணினி இருக்கும் வீட்டில் ஒன்றும் பேக்கப் டிஸ்க் இருக்கும் வீட்டில் ஒன்றும் வையுங்கள். குறியாக்கம் செய்யாத டிஸ்க் பழுதானால், உத்தரவாதத்தை விட்டுவிட்டு அதன் தட்டுகளை உடைத்துவிடுவதே சரி.